565-ஆவது வரியும் ஆறு டாலரும்: ஓரிகன் மாநிலத்தின் மருத்துவ பட்ஜெட் கதை

1987-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் சட்டமன்றம் ஒரு செலவை நிறுத்தியது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் இதயம், கல்லீரல், கணையம், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைகளுக்கு இனிப் பணம் கிடையாது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் முப்பது சொச்சம் பேருக்கு ஆகக்கூடிய செலவு அது. அதே தொகையை வைத்து, எந்தக் காப்பீடும் இல்லாத சுமார் 1,500 பேருக்கு அடிப்படை சிகிச்சை கொடுத்துவிடலாம், அதில் பெரும்பாலோர் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் என்று கணக்குப் போட்டார்கள். பெரிய பட்ஜெட்டுக்குள் சின்ன வரி. யாரும் அதிகம் பேசவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் ரத்தப் புற்றுநோய் வந்த 7 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு 1 லட்சம் டாலர் தேவைப்பட்டது. குடும்பமும் ஊர்க்காரர்களும் உண்டியல் ஏந்தினார்கள். பெரும்பகுதி சேர்ந்தும் விட்டது. மீதி சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டான். அதுவரை எண்ணாக மட்டும் இருந்த விஷயம் அவன் படத்தோடு நாடு முழுக்கச் செய்தியானது.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், கூட்டத்தொடர் இல்லாத காலத்தில் நிதி முடிவுகள் எடுக்கும் சட்டமன்ற அவசரக் குழுவிடம் அந்தச் செலவை மீண்டும் அனுமதிக்கக் கேட்டார்கள். நிறைவேறவில்லை. எதிர்த்து நின்றவர் மாநில செனட்டின் தலைவர் ஜான் கிட்ஸ்ஹாபர். ரோஸ்பர்க் என்ற சிறு நகரத்து மருத்துவமனையில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்தவர். முன்பு ஒரு பட்ஜெட் வெட்டில் காப்பீட்டை இழந்தவர்கள், நோய் முற்றியபின் தன் பிரிவுக்கே வந்து சேர்ந்ததைப் பார்த்தவர். படம் வெளியான பிள்ளையைப் பார்த்து எல்லோருக்கும் மனம் இளகுகிறது, படமே வெளிவராத ஆயிரக்கணக்கானோருக்குக் காப்பீடே இல்லையே, அவர்களை யார் எண்ணுவது? அவர் வாதத்தின் சாரம் இதுதான்.

இந்த இடத்தில் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதையும் எரிச்சலும் சேர்ந்தே வரும். கேள்வி நியாயமானது. ஆனால் முப்பதா, ஆயிரத்து ஐந்நூறா என்று மட்டும் தராசில் வைத்தால், தராசுக்கு வெளியே இருக்கும் மற்ற செலவுகளெல்லாம் கேள்வி கேட்கப்படாமல் தப்பித்துக்கொள்கின்றன.

ஆளை விடாதே, சிகிச்சையைக் குறை

மருத்துவச் செலவைக் குறைக்க ஒரு மாநில அரசுக்கு இருக்கும் வழிகள் மூன்றே மூன்று. காப்பீட்டில் இருக்கும் ஆட்களைக் குறைக்கலாம். சிகிச்சைகளைக் குறைக்கலாம். அல்லது மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடுக்கும் தொகையைக் குறைக்கலாம். அப்போது அட்டை கையில் இருக்கும், அட்டையை ஏற்கும் டாக்டர்தான் இருக்கமாட்டார். பெரும்பாலான மாநிலங்கள் சத்தமில்லாமல் முதல் வழியையும் மூன்றாவது வழியையும் எடுத்தன. கிட்ஸ்ஹாபர் இரண்டாவதை எடுத்தார், அதுவும் வெளிப்படையாக.

1989-இல் வந்த சட்டம் சொன்னது இது. மத்திய அரசின் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் எல்லோருக்கும் மெடிகெய்ட் உண்டு. குழந்தை இருக்கிறதா, ஊனம் இருக்கிறதா என்ற கேள்வி இல்லை. 11 பேர் கொண்ட ஆணையம் ஒன்று எல்லா நோய்-சிகிச்சை இணைகளையும் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தும். சட்டமன்றம் அந்த வரிசையை மாற்ற முடியாது. கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப ஓர் இடத்தில் கோடு போடலாம், அவ்வளவுதான். கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் கிடைக்கும். கீழே இருப்பது கிடையாது.

முதல் வரைவு 1990-இல் வந்தது. 1,600-க்கும் மேற்பட்ட இணைகள். செலவையும் பலனையும் வகுத்துக் கணினி போட்ட வரிசை. எந்த அளவு நோவு எவ்வளவு மோசம் என்று தொலைபேசியில் ஆயிரம் பேரிடம் கேட்டு, அந்த மதிப்பெண்ணையும் சூத்திரத்தில் சேர்த்திருந்தார்கள். வரிசையைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொத்தைப் பல்லுக்குத் தொப்பி போடுவது, கருக்குழாயில் தங்கிய கருவை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு மேலே இருந்தது. பின்னது இல்லாவிட்டால் அந்தப் பெண் செத்துப்போவாள். கணிதத்தில் பெரிய பிழை இல்லை. பல் தொப்பி மலிவு, பலன் பல ஆண்டு. மலிவானதைச் சூத்திரம் தூக்கி மேலே வைத்துவிட்டது. உயிரைக் காப்பாற்றுவது என்பது வேறு வகை விஷயம் என்பது சூத்திரத்துக்குத் தெரியாது.

அந்த வரைவைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிகிச்சைகளை 17 வகைகளாகப் பிரித்தார்கள். ஊர் ஊராக நடந்த பொதுக்கூட்டங்களில் மக்கள் சொன்னதையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஆணையர்கள் உட்கார்ந்து, பொருந்தாத இடத்தில் இருந்தவற்றைக் கையாலேயே மேலும் கீழும் நகர்த்தினார்கள். இதற்காக அவர்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கென்னவோ அந்த ஆணையம் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று தோன்றுகிறது.

1992-இல் மத்திய அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. ஊனமுற்றோர் உயிருக்குக் குறைந்த மதிப்புப் போடுகிறது என்பது ஆட்சேபம். திருத்தங்களுக்குப் பின் 1993-இல் அனுமதி வந்தது. 1994 பிப்ரவரி 1 அன்று ஓரிகன் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. பட்டியலில் 696 வரிகள். கோடு 565-இல். சாதாரணச் சளி போல் தானாகச் சரியாகிவிடுவதும், வைத்தியம் பார்த்தும் பலனில்லை என்று கருதப்பட்டதும் கீழே போயின. எந்தச் செலவால் இத்தனையும் தொடங்கியதோ, அந்த உறுப்பு மாற்று சிகிச்சைகளில் பெரும்பாலானவை கோட்டுக்கு மேலேயே இடம் பிடித்தன. அந்தச் சிறுவன் ஏழு ஆண்டு கழித்து நோயில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

உலகம் முழுக்க மருத்துவப் பொருளாதாரம் படிப்பவர்கள் இந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுதினார்கள். ஆனால் முதல் சில ஆண்டுகளில் கோட்டால் பெரிய கேடு எதுவும் வரவில்லை. 1 லட்சத்துக்கும் அதிகமானோர் புதிதாகச் சேர்ந்தார்கள். காப்பீடில்லாதோர் பங்கு சுமார் 18 சதவீதத்திலிருந்து 11 சதவீதம் வரை இறங்கியது. 1996-இல் சிகரெட் பாக்கெட்டுக்கு 30 சென்ட் கூடுதல் வரி போட்டு இந்தத் திட்டத்துக்குக் கொடுக்க மக்களே வாக்களித்தார்கள். பொருளாதாரமும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு வரி

தமிழில் வரி என்றால் எழுத்து வரியும்தான், அரசு வாங்கும் வரியும்தான். ஓரிகன் கதைக்கு இந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது.

ஓரிகனில் விற்பனை வரி கிடையாது. சொத்து வரிக்கு 1990-இல் மக்கள் வாக்கெடுப்பில் உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்த சொத்து வரி குறைந்ததால் அந்தச் சுமையும் மாநில பட்ஜெட் தலையில் ஏறியது. மிச்சம் பெரும்பாலும் வருமான வரிதான். அதிலும் ஒரு விசேஷம்: எதிர்பார்த்ததைவிட 2 சதவீதத்துக்கு மேல் வருவாய் கூடினால், கூடுதல் தொகையை வரி கட்டியவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்போது நல்ல காலத்தில் சேர்த்து வைக்கப் பெரிதாக வழியிருக்கவில்லை. கெட்ட காலத்தில் கடன் வாங்கிச் சமாளிக்கவும் வழியில்லை, பட்ஜெட்டில் வரவும் செலவும் சமமாக இருந்தே ஆக வேண்டும்.

மெடிகெய்டின் சுபாவமோ நேர்மாறானது. ஊரில் வேலை போனால் வருமான வரி சரியும். அதே வாரம் காப்பீட்டுக்கு வரிசையில் நிற்போர் கூடுவார்கள். 2001-க்குப் பின் வந்த மந்தத்தில் நாட்டிலேயே வேலையின்மை அதிகமாக இருந்த மாநிலங்களில் ஒன்று ஓரிகன். வரவு படுத்துவிட்டது, தேவை எழுந்து நின்றது.

சரி, கோட்டை மேலே நகர்த்தியிருக்கலாமே? அதற்காகத்தானே இத்தனை பாடுபட்டுப் பட்டியல் போட்டார்கள்? நகர்த்த முடியவில்லை. மெடிகெய்டில் பாதிக்கு மேல் மத்திய அரசின் பணம்; ஓரிகன் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரிலும் சுமார் 60 சென்ட் அங்கிருந்து வருவது. எனவே கோட்டை நகர்த்த மத்திய அனுமதி வேண்டும். சில வரிகள் நகர்த்த விட்டார்கள், அதற்கு மேல் விடவில்லை. பட்ஜெட் நெருக்கடிக்கென்றே செய்து வைத்த கத்தி, நெருக்கடி வந்த அன்று உறையிலிருந்து வரவில்லை.

2003 ஜனவரி 28 அன்று தற்காலிகமாக வருமான வரியை உயர்த்துவது பற்றி மக்கள் வாக்களித்தார்கள். தோற்றது. அடுத்த ஆண்டு இன்னொரு வாக்கெடுப்பு; அதுவும் தோற்றது. முதல் தோல்வி நடந்த சில நாட்களிலேயே, வருமானம் சற்றே கூடுதலாக இருந்தாலும் மருத்துவச் செலவால் நொடிந்து போனவர்களுக்கான ஒரு துணைத் திட்டம் மூடப்பட்டது. அதை நம்பி மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 8,000-க்கும் மேல். அவர்களில் வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்த ஒருவர், மாத்திரை தீர்ந்தபின் வலிப்பு வந்து நினைவிழந்தார். மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். நாளுக்குச் சில டாலர் மருந்தை மிச்சம் பிடித்த இடத்தில் மருத்துவமனை பில் மலைபோல் ஏறியது. செலவு மறையவில்லை, மாநிலத்தின் கணக்கிலிருந்து மருத்துவமனையின் கணக்குக்குப் போனது.

ஆறு டாலர்

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது பட்டியலோ, வாக்கெடுப்போ இல்லை. 2003 பிப்ரவரியில் நடந்த ஒரு சின்ன மாற்றம்.

திட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், ஊனமுற்றோர் போன்று மத்தியச் சட்டப்படி கைவைக்க முடியாதவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு முழுத் திட்டம். 1994-இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஏழை வயதுவந்தோர் இன்னொரு பக்கம். இவர்களுக்குப் பல் வைத்தியம், மனநல சிகிச்சை, குடிநோய் சிகிச்சை எல்லாம் பறிபோயின. ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கவும் மருந்து வாங்கவும் கட்டணம் வைத்தார்கள்.

அப்புறம் பிரீமியம். மாதம் 6 டாலரிலிருந்து 20 டாலர் வரை. இது புதிதல்ல, முன்பே இருந்ததுதான். ஆனால் முன்பு வீடில்லாதவர்களுக்கும் வருமானமே இல்லாதவர்களுக்கும் விலக்கு இருந்தது. தாமதமானாலும் பொறுத்துப் போனார்கள். இப்போது விலக்கு போயிற்று. வருமானம் பூஜ்யம் என்றாலும் 6 டாலர். ஒரு மாதம் தவறினால் காப்பீடு ரத்து, அடுத்த 6 மாதம் திரும்பிச் சேரவே முடியாது.

பட்ஜெட் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் 6 டாலர் ஒன்றுமே இல்லை. காப்பீட்டின் மதிப்போடு பார்த்தால் தூசு. ஆனால் அந்தப் பணம் ஒரு கடிதமாக வருகிறது. கடிதம் வரும் முகவரியில் ஆள் இருக்க வேண்டும். வாடகை கட்ட முடியாமல் தங்கை வீட்டுக்குப் போனவருக்கு அது போய்ச் சேராது. வங்கிக் கணக்கு இல்லாதவர் காசோலை எழுத முடியாது. கடைக்குப் போய்ப் பண ஆணை வாங்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் தேதியை மறப்பார். அந்த மாத்திரையும் இந்தத் தேதியை நம்பித்தான் இருக்கிறது.

ஓராண்டுக்குள் அந்தப் பிரிவில் இருந்த சுமார் 1 லட்சம் பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள். அதிகம் போனவர்கள் வருமானமே இல்லாதவர்கள். சட்டமன்றம் ஐம்பதாயிரம் பேரை நீக்குகிறோம் என்று தீர்மானம் போட்டிருந்தால் தெருவில் கூட்டம் கூடியிருக்கும். 6 டாலருக்கு யார் கூடுவார்கள்? வெளியே போனவர்கள் தாங்களே கட்டாமல் விட்டவர்களாகக் கோப்பில் பதிவானார்கள்.

2004-இல் நீதிமன்றத் தலையீட்டால் டாக்டரைப் பார்க்கும்போது வாங்கும் கட்டணம் நின்றது. 2006-இல் மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்குப் பிரீமியமும் நீங்கியது. ஆனால் 2004 ஜூலையிலேயே புதிய சேர்க்கையை மூடிவிட்டார்கள். கட்டணத்தை எடுத்தாயிற்று, கதவுதான் திறக்கவில்லை.

குலுக்கல்

புதியவர்கள் வராமல், இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகி, 2008 தொடக்கத்தில் அந்தப் பிரிவில் மிஞ்சியது சுமார் 19,000 பேர். பட்ஜெட்டில் இன்னும் சில ஆயிரம் பேருக்கு இடமிருப்பது தெரிந்தது. கேட்டு வரப்போகிறவர்களோ பல மடங்கு. யாருக்குக் கொடுப்பது? முதலில் வந்தவருக்கா, அதிக நோயாளிக்கா? கடைசியில் குலுக்கல் என்று முடிவாயிற்று.

ஜனவரி 28 முதல் பிப்ரவரி 29 வரை பெயர் கொடுக்கலாம். வேண்டுமென்றே எளிமையான படிவமாக வைத்தார்கள். தபாலில் அனுப்பலாம், தொலைபேசியிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் சுமார் 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை எட்டு முறை குலுக்கினார்கள். சுமார் 35,000 பேர் தேர்வானார்கள்.

பெயர் விழுந்தவருக்குக் காப்பீடு வந்துவிடவில்லை. ஒரு விண்ணப்பம் வரும். 45 நாளுக்குள் நிரப்பி, வருமானச் சான்றோடு திருப்பி அனுப்ப வேண்டும். ஆண்டு வருமானம் வறுமைக்கோட்டைத் தாண்டக்கூடாது. தனி ஆளுக்கு அப்போது அது 10,400 டாலர். கையிருப்பு 2,000 டாலருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர்கள் 60 சதவீதம். அதில் பாதி தகுதியில்லை என்று தள்ளுபடி. ஆகக் குலுக்கலில் வென்றவர்களிலேயே பத்தில் மூன்று பேர்தான் உள்ளே வந்தார்கள். தானே விரும்பிப் பெயர் கொடுத்து, அதிர்ஷ்டமும் அடித்தபின், பத்தில் நான்கு பேர் தாளைத் திருப்பி அனுப்பவில்லை. 2003-இன் 6 டாலரை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எல்லோருக்கும் கொடுக்கப் பணமில்லாததால் நடந்த இந்தக் குலுக்கல் ஆராய்ச்சியாளர்களுக்குப் புதையலாக அமைந்தது. வென்றவர்களும் தோற்றவர்களும் மற்ற எல்லா விதத்திலும் ஒரே மாதிரி ஆட்கள். வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும். மருந்தைச் சோதிப்பதுபோல் காப்பீட்டையே சோதிக்கலாம். பொருளாதார அறிஞர்கள் ஏமி ஃபின்கல்ஸ்டீன், கேத்ரின் பைக்கர் ஆகியோர் தலைமையில் அந்த வேலை நடந்தது.

முடிவுகள் எந்தக் கட்சிக்கும் வசதியாக வரவில்லை. காப்பீடு கிடைத்தவர்கள் டாக்டரிடம் அதிகம் போனார்கள், மருத்துவமனையில் அதிகம் சேர்ந்தார்கள். மருத்துவச் செலவால் குடும்பமே கவிழ்வது கிட்டத்தட்ட இல்லாமல் போனது. மனச்சோர்வு 30 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய் இருப்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டு மருந்து தொடங்கியவர்கள் கூடினார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகளில் ரத்த அழுத்தத்திலோ, கொழுப்பிலோ, சர்க்கரை அளவிலோ உறுதியாகச் சொல்லும்படி முன்னேற்றம் தெரியவில்லை. 2014-இல் வந்த இன்னொரு முடிவு: அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது 40 சதவீதம் கூடியிருந்தது.

காப்பீடு கொடுத்தால் அவசரப் பிரிவில் கூட்டம் குறையும், செலவு மிச்சமாகும் என்று பல ஆண்டுகளாக மேடையில் சொல்லி வந்தவர்களுக்கு அது சங்கடம்தான். அதே ஓரிகனில் 2003 வெட்டுக்குப் பின் காப்பீடில்லாதவர்கள் அவசரப் பிரிவுக்கு வருவது கூடியதும் உண்மை. இரண்டும் முரண்போலத் தெரியும்; அப்படியில்லை. காப்பீட்டை இழந்தவர் வேறு கதவில்லாமல் அங்கே வந்தார், பில்லை மருத்துவமனை சுமந்தது. காப்பீடு பெற்றவர் பில் பயம் போனதால் வந்தார், பில்லை அரசு சுமந்தது. மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லிக் காப்பீட்டை விற்கப் போனதே தப்பு என்பேன். கடன்காரர் வீட்டு வாசலில் நிற்காமல் இருந்தது, தூக்கம் வந்தது. இவற்றை ஏன் வெட்கத்தோடு சொல்ல வேண்டும்?

2014-இல் புதிய மத்தியச் சட்டப்படி வறுமைக்கோட்டுக்கு 38 சதவீதம் மேலே வரை மெடிகெய்ட் விரிந்தது. முதல் மூன்று ஆண்டு முழுச் செலவும், படிப்படியாக 2020 முதல் 90 சதவீதமும் மத்திய அரசுடையது. குலுக்கல் தேவைப்படாமல் போயிற்று. அப்போது, மக்கள் வாக்கில் மூன்றாம் தடவை வென்று ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் அதே கிட்ஸ்ஹாபர். மீதி 10 சதவீதத்துக்கு மாநிலம் வழி தேட வேண்டியிருந்தது. மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் போட்ட வரியை 2018 ஜனவரியில் மக்கள் வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். இந்த முறை வரி வென்றது, 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு.

1994-இன் பட்டியல் முடிவுக்கு வருகிறது. 2027 ஜனவரிக்குள் அதைக் கைவிட வேண்டும் என்பது 2022-இல் கிடைத்த மத்திய அனுமதியோடு வந்த ஏற்பாடு. அதே 2027-இல் இன்னொன்று தொடங்குகிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய மத்தியச் சட்டப்படி, இப்படி விரிவாக்கத்தில் சேர்ந்த வயதுவந்தோர் மாதம் 80 மணி நேரம் வேலையோ, படிப்போ, தொண்டோ செய்வதாகக் காட்ட வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துவந்த தகுதியை இனி 6 மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பார்கள். ஓரிகனில் அந்தக் கடிதம் எந்த முகவரிக்குப் போகும், பதில் அனுப்ப எத்தனை நாள் கொடுப்பார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.